'போல' வந்தால் உவமைதானா? அணி பயிலும் மாணவர்க்கான விவாத இழை

வையைக்கோதை

குழுமத்துப் பெரியோர் அனைவர்க்கும் வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் முதலாண்டு பயிலும் மாணவி. பள்ளியில் படித்தபோது அணிகளைக் கண்டறிய எங்களுக்கு ஒரு குறுக்குவழி கற்பிக்கப்பட்டது. செய்யுளில் 'போல', 'அன்ன', 'நிகர' முதலிய உவம உருபு வந்தால் அது உவமையணி. 'ஆகிய', 'என்னும்' என்று விரிக்கத்தக்கதாக வந்தால் அது உருவக அணி. இதை வைத்துக்கொண்டே இதுவரை எல்லாத் தேர்வுகளையும் எழுதிவிட்டேன்.

சென்ற வாரம் வகுப்பில் நடந்த சிறு தேர்வில் சிலப்பதிகாரத்திலிருந்து இரண்டு அடிகள் கொடுத்து, அவற்றில் பயின்றுவந்த அணி யாது என்று கேட்டிருந்தார்கள்.

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

'என்பனபோல்' என்று உருபு வெளிப்படையாக நிற்கிறதே என்று உவமையணி என எழுதினேன். தவறு என்று திருத்தப்பட்டது. தற்குறிப்பேற்ற அணி என்பதே விடை. விடையை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 'போல்' இருந்தும் இது ஏன் உவமை ஆகவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. இது புரியாத வரையில், அடுத்த செய்யுளில் வேறொரு 'போல்' வந்தாலும் தடுமாறத்தான் செய்வேன். சங்கப் பாடல்களில் நிலத்துக் காட்சிகளின் வழியே மறைவாகப் பொருள் உணர்த்தும் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாடும் எனக்கு இதேபோல் மங்கலாகவே இருக்கிறது. இயன்றவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பனையோலை

அம்மா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் குறுக்குவழியை நானும் ஒரு காலத்தில் கற்பித்தவன்தான். பின்னர் கைவிட்டேன். காரணத்தை நீங்கள் கொடுத்த அடிகளே காட்டுகின்றன.

முதலில் இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் உவமையை வரையறுக்கும்போது 'பண்பும் தொழிலும் பயனும்' ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாகப் 'பொருளொடு பொருள் புணர்த்து' ஒப்புமை தோன்றச் சொல்வது உவமை என்கிறது. 'பொருளொடு பொருள்' என்ற சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். உவமைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். தம்மைத் தோண்டுவாரைத் தாங்கும் நிலம் ஒன்று. தம்மை இகழ்வாரைப் பொறுக்கும் மனிதர் மற்றொன்று. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் இந்த இரண்டும் தனித்தனியே நிற்க, பொறுத்தல் என்னும் தொழில் அவற்றை இணைக்கிறது.

இப்போது நீங்கள் தந்த அடிகளில், கோவலனும் கண்ணகியும் நெருங்கும் மதுரைக் கோட்டையின் கொடிக்கு வாருங்கள். அங்கே இரண்டாவது பொருள் எது? கொடி காற்றில் அசைகிறது என்ற ஒரே நிகழ்ச்சிதான் இருக்கிறது. காற்று அடித்ததால் அசைந்த கொடிக்கு, 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுக்கும் நோக்கத்தைக் கவிஞர் தம் குறிப்பாக ஏற்றுகிறார். அந்நூலாசிரியர் தண்டியார் இதை 'இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று தான்குறித்து ஏற்றுதல்' என்கிறார். இயல்பாக நடப்பதற்கு இயல்பான காரணத்தை விட்டு, அயலான ஒரு காரணத்தைக் கவிஞர் குறித்து ஏற்றுவதே தற்குறிப்பேற்றம்.

உங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்தை அந்நூலே எதிர்பார்த்திருக்கிறது. அன்ன, போல் முதலான சொற்கள் வந்து விளக்கும் தோற்றமும் தற்குறிப்பேற்றத்துக்கு உண்டு என்று அடுத்த நூற்பாவிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே உருபைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். உருபின் இருபுறமும் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

கார்முகில்

ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மாற்றுக்கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் போட்டித் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவிப்பவன். கொள்குறி வினாவுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கிடைக்கும்போது, 'பொருளொடு பொருள்' என்று ஆராய மாணவனுக்கு எங்கே நேரம் இருக்கிறது? உருபைக் கொண்டு உவமையை அடையாளம் காணும் முறை பெரும்பாலான இடங்களில் சரியாகவே வேலை செய்கிறது. நன்னூலாரும் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று உருபுகளைத் தொகுத்துத் தந்திருக்கிறாரே. அவை அடையாளம் காண உதவும் என்பதற்காகத்தானே? விதிவிலக்குகளைத் தனியே சொல்லிக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து.

தெண்ணீர்

கார்முகில் அவர்களுக்கு: விதிவிலக்குகள் சிலவாக இருந்தால் தாங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் மாணவர்கள் முதலில் படிக்கும் நூலாகிய திருக்குறளின் முதற்பாட்டே அந்த விதிக்கு அடங்கவில்லையே.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

இதில் எந்த உருபும் இல்லை. எழுத்துகள் அகரத்தை முதலாக உடையன. உலகம் ஆதிபகவனை முதலாக உடையது. இரண்டு தொடர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இடையில் வரவேண்டிய 'அதுபோல' மறைந்திருக்கிறது. எடுத்துக்காட்டு உவமையணி என்று இதனைக் கற்பிக்கிறோம். உருபு இல்லாமலே உவமை. சிலப்பதிகாரக் கொடியோ உருபு இருந்தும் உவமை அன்று. இரு பக்கமும் தவறும் ஒரு விதியை மாணவர் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

'முகமலர்' போன்ற உவமைத்தொகைகளிலும் உருபு மறைந்துதான் வரும்.

பனையோலை

தெண்ணீர் சொன்னதில் ஒரு திருத்தம். 'மலர்முகம்' என்பதே உவமைத்தொகை. மலர் போன்ற முகம் என்று விரியும். 'முகமலர்' என்று மாற்றினால் முகமாகிய மலர் என விரிந்து உருவகம் ஆகிவிடும். சொல் இடம் மாறியதும் முகத்துக்கும் மலருக்கும் இருந்த வேற்றுமை ஒழிந்துவிடுகிறது. உவமையையும் பொருளையும் 'வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின்' அது உருவகம் என்கிறார் தண்டியார்.

தெண்ணீர்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கவனமின்றி மாற்றி எழுதிவிட்டேன். மாணவர்கள் ஐயாவின் திருத்தத்தையே கொள்ள வேண்டும்.

வையைக்கோதை

அப்படியானால் 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்' என்ற குறளை எப்படிக் கொள்வது? பிறவியைக் கடலாக உருவகம் செய்தவர், இறைவன் அடியைத் தெப்பமாக உருவகம் செய்யவில்லை. இதை ஏகதேச உருவகம் என்று எழுதுகிறோம். பாதியை உருவகித்துப் பாதியை விட்டது குறையாகாதா?

பனையோலை

குறையாகாது. கடல் என்றதும் நீந்துவதும் தெப்பமும் படிப்பவர் மனத்தில் தாமே வந்துவிடுகின்றன. சொல்லாமல் விட்ட பாதியை நிரப்பும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஏழு சீருக்குள் ஒரு கருத்தை முடிக்க வேண்டிய குறள் வெண்பாவில் இந்த அணி மிகுதியாகப் பயில்வதற்கு இடச்சுருக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கார்முகில்

குறள் எடுத்துக்காட்டைக் கண்டபின் என் கருத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். ஆங்கில வழியில் பயின்ற மாணவர்கள் பலர் தற்குறிப்பேற்றத்தைப் 'பர்சானிஃபிகேஷன்' என்று மொழிபெயர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அஃறிணைக்கு மனிதத் தன்மை ஏற்றுவது என்ற பொருளில் அது பொருந்துவதாகவே தோன்றுகிறது. இதை ஏற்கலாமா?

பனையோலை

ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தற்குறிப்பேற்றம் 'பெயர்பொருள்', 'அல்பொருள்' என்ற இருவகைப் பொருளிலும் வரும் என்று இலக்கணம் சொல்கிறது. அதாவது இயங்கும் பொருளிலும் இயங்காப் பொருளிலும் வரும். நளவெண்பாவில் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. தமயந்தியைக் காட்டில் விட்டுப் பிரிந்த நளன் கடற்கரையில் நிற்கிறான். அவனைக் கண்டு நண்டு வளைக்குள் ஓடி ஒளிகிறது. காரிருளில் கானகத்தில் காதலியைக் கைவிட்ட பாதகனைப் பார்க்கக்கூடாது என்றுதான் ஓடி ஒளிகின்றாயோ என்று அந்த நண்டையே கேட்கிறான். ஆள் வந்தால் நண்டு ஓடுவது இயல்பு. அந்த இயல்பான ஓட்டத்தின் மேல், தன் நெஞ்சைச் சுடும் குற்றத்தை நளன் காரணமாக ஏற்றுகிறான். இங்கே 'போல' என்ற சொல்லே கிடையாது.

நண்டை மனிதனாக்குவது இந்தப் பாட்டின் நோக்கமன்று. நடந்த செயல் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு இயற்கையான காரணம் இருக்க வேண்டும். அதை விலக்கி வேறொரு காரணம் ஏற வேண்டும். இம்மூன்றும் இருந்தால்தான் தற்குறிப்பேற்றம். அஃறிணைப் பொருள் பேசுவதாகவும் கேட்பதாகவும் பாடுவது வேறு மரபு. ஞாயிறு, திங்கள், அறிவு, நாண், கடல், கானல், விலங்கு, மரம், பொழுது, புள், நெஞ்சு முதலியவை 'சொல்லுந போலவும் கேட்குந போலவும்' வரும் என்று தொல்காப்பியர் செய்யுளியலில் அதற்குத் தனியே இடம் தருகிறார். கண்ணகி ஞாயிற்றைப் பார்த்து 'காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்' என்று கேட்பதும், 'கள்வனோ அல்லன்' என்று ஒரு குரல் எழுவதும் அந்த மரபைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடைத்தால், இளங்கோவடிகள் கொடியிடத்தும் கதிரவனிடத்தும் செய்த வெவ்வேறு வேலைகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தெண்ணீர்

கொடியைப் பற்றிய பேச்சு வந்ததால், கம்பனின் கொடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு வையைக்கோதையைக் கேட்டுக்கொள்கிறேன். பாலகாண்டத்தில் மிதிலைக் காட்சிப் படலத்தின் தொடக்கத்தில் வருவது.

மையறு மலரின் நீங்கி யான்செய்மா தவத்தின் வந்து
செய்யவள் இருந்தாள் என்று செழுமணிக் கொடிகள் என்னும்
கைகளை நீட்டி அந்தக் கடிநகர் கமலச் செங்கண்
ஐயனை ஒல்லை வாவென் றழைப்பது போன்ற தம்மா

அங்கே மதுரைக் கொடி 'வாரல்' என்றது. இங்கே மிதிலைக் கொடி 'வா' என்கிறது. இரண்டு நகரங்களிலும் காற்றில் அசைந்தது துணிதான். நுழையப்போகிறவருக்கு உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதை அறிந்த கவிஞர்கள் அந்த அசைவை வெவ்வேறாகப் படித்தார்கள். கம்பன் பாட்டில் 'கொடிகள் என்னும் கைகள்' என்பது உருவகம். அந்த உருவகத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு பாட்டு முழுவதும் தற்குறிப்பேற்றமாக நிற்கிறது. ஒரு பாட்டுக்கு ஓர் அணிதான் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரைக் கொடியைத் தேர்வுத்தாளில் தனியாக வெட்டிக் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில் அந்த அடிகளுக்குச் சற்று முன்னே வையை ஆறு வருகிறது. கண்ணகிக்கு நேரப்போவதைத் தான் அறிந்தவள் போல, மலராகிய ஆடையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கினாள் என்று இளங்கோவடிகள் பாடுகிறார். அதைக் கண்ட கோவலனும் கண்ணகியும் என்ன செய்கிறார்கள்? 'புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு' என்று வியந்து தொழுகிறார்கள். ஒரே பூப்போர்வைதான். கவிஞர் அதில் அழுகையை மறைக்கும் ஆடையைக் காண்கிறார். நடக்கப்போவதை அறியாத அவ்விருவரும் அழகைக் காண்கிறார்கள். அடுத்து அகழியின் குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. அதன் பிறகுதான் கொடி கைகாட்டுகிறது. ஆறு, அகழி, மதில் என்று நகரை நெருங்க நெருங்கத் தடுப்பின் குரல் உரத்துக்கொண்டே போகிறது. அணியின் பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர் இந்த வளர்ச்சியைக் காணாமலே கடந்துவிடுகிறார் என்பதே என் கவலை.

கார்முகில்

இந்த மூன்றையும் தொடர்ச்சியாக நான் ஒருமுறைகூட வகுப்பில் காட்டியதில்லை. அடுத்த தொகுதி மாணவர்களுக்குக் காட்டுவேன்.

ஆங்கிலச் சொல்லால் வரும் குழப்பத்தைப் பேசியதால், மோனை, எதுகை பற்றியும் ஒரு சொல். 'எதுகை என்பது ரைம்' என்று சொல்லும் மாணவர்கள், அடியின் இறுதியில் ஒலி ஒத்து வருவதை எதுகை என்று எழுதிவிடுகிறார்கள். இறுதியில் ஒன்றுவது இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் அமைவது. முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். 'காட்டு', 'பாட்டு' எதுகையாகும்; 'காட்டு', 'கட்டு' ஆகாது. நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள கால அளவு வேறுபட்டதும் காது அவற்றை இணையாகக் கேட்பதில்லை. முதலெழுத்து ஒன்றும் மோனையிலும் அகரத்துக்கு அகரம்தான் வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ தம்முள் மோனையாகும். தெண்ணீர் காட்டிய முதற்குறளிலேயே முதற்சீர் 'அகர'வும் நான்காம் சீர் 'ஆதி'யும் ஒன்றி ஒரூஉ மோனை ஆகின்றன. அடிதோறும் 'அகர', 'பகவன்' என எதுகை அமைகிறது. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்பதில் நான்கு சீரும் ஒன்றுவதால் முற்று மோனை. இவற்றை விரல்விட்டு எண்ணாமல் வாய்விட்டுப் படித்துக் கண்டுபிடிக்கப் பழக்கினால் மாணவர் பிழை குறைகிறது என்பதை என் பயிற்சியில் கண்டிருக்கிறேன்.

வையைக்கோதை

அனைவருக்கும் நன்றி. உள்ளுறை, இறைச்சி பற்றிய என் இரண்டாவது ஐயம் எஞ்சியிருக்கிறது. இரண்டுமே நிலத்தின் விலங்கு, மரம் முதலிய கருப்பொருளை வைத்து மறைவாகப் பொருள் சொல்வனதானே? பிறகு எதற்கு இரண்டு பெயர்கள்?

பனையோலை

இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. தலைவன் பிரிந்து சென்ற வழியில், பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும் என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். அந்தக் காட்சியைக் காணும் தலைவன் உன்னை நினைப்பான். விரைந்து திரும்புவான் என்பது அவள் சொல்லாமல் சொன்ன ஆறுதல். இங்கே ஆண்யானை தலைவனுக்கு உவமை என்று வைத்துப் பாருங்கள். யா மரம் யாருக்கு உவமை? உரித்த பட்டை எதற்கு? ஒப்புமை பாதியிலேயே நின்றுவிடும். ஏனென்றால் அது ஒப்புமையே அன்று. அந்த வழியில் உண்மையாகவே நிகழும் ஒரு காட்சி. அதிலிருந்து வேறொரு பொருள் பிறக்கிறது. அன்பைத் தூண்டத்தக்கவற்றை இறைச்சியுள் சுட்டுவது வருந்தும் தலைவியை வற்புறுத்தித் தேற்றுவதாகும் என்று தொல்காப்பியர் பொருளியலில் சொல்வதற்கு இது நேரான எடுத்துக்காட்டு.

இரண்டாவது குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடிய மருதப் பாட்டு. தலைவன் விரும்பி நாடும் காதற்பரத்தை பேசுகிறாள்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

வயலோரத்து மாமரத்தில் கனிந்து தானாக உதிரும் பழத்தைப் பொய்கையின் வாளைமீன் கவ்வும். பழம் தலைவன், வாளை பரத்தை. மீன் மரமேறிப் பறிக்கவில்லை. பழம் தானே வந்து விழுந்தது. 'நான் அவனை வலிந்து இழுக்கவில்லை' என்பது உள்ளே வைத்த பொருள். இங்கே ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே ஓர் இணை உண்டு. ஒப்புமை முழுமையாகப் பொருந்தி முடிகிறது. ஆகவேதான் அதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர்.

தெண்ணீர்

இன்றைய கவிதைக்கும் இந்த வேறுபாடு பயன்படுகிறது. 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழை ஒட்டிப் புதுக்கவிதை வளர்ந்தபோது படிமம், குறியீடு என்ற சொற்கள் நம்மிடையே பரவின. குறியீட்டை, கருதிய பொருளை மறைத்து அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்லும் ஒட்டணியோடு ஒன்றாக்கிவிடும் மாணவர்களைப் பார்க்கிறேன். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டி எதைக் குறிக்கிறது என்பதற்கு அதிகாரத் தலைப்பாகிய வலியறிதலே விடை தந்துவிடுகிறது, மறைபொருள் ஒன்றுதான். பாரதியின் 'அக்கினிக் குஞ்சு' அப்படியன்று. அது விடுதலை வேட்கையா, ஞானமா, கவிதையா என்று கேட்டால் எதையும் முடிவாக ஒதுக்க முடியவில்லை. அந்தத் திறப்பு இருப்பதால் அதைக் குறியீடு என்கிறேன்.

சொல்லால் காட்சியைக் கண்முன் நிறுத்தும் படிமத்தைப் புத்தம் புதிய சரக்கு என்று எண்ணுவோரும் தண்டியலங்காரத்தின் பொருளணிகள் முப்பத்தைந்தில் முதலாவது எது என்று பார்க்க வேண்டும். தன்மை அணி. ஒப்புமை எதுவும் இன்றி, உள்ளதை உள்ளவாறு கண்முன் நிறுத்துவது. 'மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்' என்று கண்ணகி பாண்டியன் முன் நிற்கும் வெண்பாவில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. ஆனால் அரசன் 'கண்டளவே தோற்றான்'.

வையைக்கோதை

நேற்று இரவு குறுந்தொகை எட்டாம் பாட்டை முழுவதும் படித்தேன். ஐயா காட்டிய இரண்டு அடிகளுக்குப் பின்னே, எம் வீட்டில் பெருமொழி பேசும் அவன், தன் வீட்டில் தன் மகனின் தாய்க்கு, நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் 'ஆடிப் பாவை போல' அவள் விரும்பியதெல்லாம் செய்வான் என்று வருகிறது. இங்கே 'போல' இருக்கிறது. கண்ணாடிப் பாவை ஒரு பொருள், தலைவன் மற்றொரு பொருள். ஐயமில்லாத உவமை.

ஆறே அடிகளில் ஓர் உள்ளுறையும் ஒரு வெளிப்படை உவமையும் அருகருகே இருப்பது ஏன் என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனை எள்ளுவதை அவள் அனைவரும் கேட்க 'போல' என்று உரக்கச் சொல்கிறாள். தலைவியின் உறவினர் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறாள் என்று, யார் எச்சூழலில் பேசுகிறார் என்பதைச் சொல்லும் பாட்டின் துறைக்குறிப்பும் இருக்கிறது. தன்னைப் பற்றிய செய்தியை மட்டும் மாம்பழத்துக்கும் வாளைக்கும் பின்னே வைத்துவிடுகிறாள். நான் இப்படிப் படிப்பது சரியா?

பனையோலை

சரி அம்மா. ஆனால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தலைவியைப் பெயராலோ 'மனைவி' என்றோ சொல்லாமல் 'தன் புதல்வன் தாய்' என்கிறாள். அதில் எந்த அணியும் இல்லை. இருந்தும், அந்தச் சொல்லை அவள் ஏன் தேர்ந்தாள் என்று நாளை வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.